பத்துக்குள் ஓர் எண்

கோத்தகிரி அரசு மருத்துவமனை,
காலை ஒன்பதே முக்கால்.
உடைந்த கண்ணாடி வழியே நுழைந்த மேகம்
எக்ஸ்ரே அறை வரை போய்த் திரும்புகிறது,
டோக்கன் எடுக்காமல்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
வலி, பூச்சியம் முதல் பத்து வரை.
காலியாக விட்டால் டாக்டர் கேட்பார்.

தெய்வானை, வயது ஐம்பத்தெட்டு, டேன்டீ லைன்.
பிடரியிலிருந்து வலது முழங்கை வரை.
‘எவ்வளவு வலிக்குது?
பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கம்மா.’

கண்ணை மூடினாள்.
உள்ளே போய் எதையோ தூக்கிப் பார்த்தாள்.
‘இருபத்தேழு கிலோ இருக்கும் சிஸ்டர்.’

சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
‘காலையில பதினாறுதான்.
ஈரம் ஏற ஏறக் கூடிக்கிட்டே போகும்.
இலைன்னா தண்ணிக்குன்னு
மேஸ்திரி ரெண்டு கிலோ கழிப்பாரு.
இதுல யாரு கழிக்கிறது?’

ஏழு என்று எழுதினேன்.
ஏழு எல்லோருக்கும் பொருந்தும்.
‘புரியுதும்மா’ என்றேன்.
ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன் இதை,
ஒவ்வொருவர் எழுந்து போனதும்
கை கழுவுவதைப் போல.

மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டே கேட்டாள்:
‘நீ எந்த ஊரு?’
‘உச்சிப்புளி.’
‘மண்டபத்துக்குக் கிட்டவா?’

மண்டபம் எனக்கு
ஞாயிற்றுக்கிழமை மீன்.
அப்பாவின் சைக்கிளில் சொட்டிக்கொண்டே வரும் பை.
ரயில் கடலுக்குள் போவதை
வாய் பிளந்து பார்த்த இடம்.

அவளுக்கு
தலைமன்னாரில் கப்பலேறி வந்து இறங்கிய ஆறு வயது.
முகாமில் ஐந்து மாதம்.
தட்டோடு நின்ற வரிசை, உப்புக் கரிக்கும் தண்ணீர்.
‘தம்பி அங்கனதான் இருக்கான்’ என்றாள்.

இப்போது என்ன செய்கிறார் என்று
கேட்க வாயெடுத்தேன்.
அப்புறம்தான் உறைத்தது
எந்த ‘இருக்கான்’ அது என்று.
அந்த மணலில் நான் சிப்பி பொறுக்கியிருக்கிறேன்.

மலைக்கு வந்து மூன்று வருஷம்.
‘இன்னிக்கு என்னா வெயில்’ என்கிறார்கள் இங்கே.
எங்கள் ஊரில் அதற்கு நிலா என்று பெயர்.
ஆனால் அவர்களுக்கு நிஜமாகவே சுடுகிறது.
ஒரே பஸ் ஸ்டாப்பில்
அவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றுகிறார்கள்,
நான் இன்னொன்றை மாட்டுகிறேன்.

போன புதன்கிழமை, என் விடுப்பு நாளில்,
தைலம் கொடுக்கிற சாக்கில் தோட்டத்துக்குப் போனேன்.
எடை போடுகிற இடம்.
‘அந்த மூட்டையை என் தலையில ஏத்துங்க’ என்றேன்.
ஜெபமணியக்கா சிரித்தபடி ஏற்றிவிட்டாள்.
சரிவு. ஈர மண். செருப்பு வழுக்கியது.
பிடரியில் ஏதோ கடக்கென்றது.
கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கிடைத்தது என் கழுத்து.
முப்பதடியில் இறக்கிவிடலாம்
என்று தெரிந்த கழுத்து.

தெய்வானை பிளேன் டீ கொடுத்தாள்.
உள்ளங்கையில் சீனி.
ஒரு நக்கு, ஒரு மடக்கு.
‘ஒனக்கு எம்புட்டு?’ என்றாள்.

கழுத்தைக் கேட்டாளா,
தையில் நான் இருபது நாள் விடுப்பெடுத்து
வெறும் வயிற்றோடு திரும்பி வந்ததைக் கேட்டாளா.
ஆஸ்பத்திரிச் செய்தி லைன் வரைக்கும் போயிருக்குமா.

‘ஒண்ணுமில்லம்மா.’

‘சரி’ என்றாள்.
புரியுது என்று சொல்லவில்லை.
தீர்ந்துபோயிருந்த என் உள்ளங்கையில்
இன்னும் கொஞ்சம் சீனி வைத்தாள்.

மறுநாள் அவள் படிவத்தில்
ஏழுக்குப் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே,
சின்னதாக எழுதி வைத்தேன்: 27 கி.

டாக்டர் புருவத்தைத் தூக்கினார்.
‘என்ன சிஸ்டர், குழந்தையோட எடையா இது?’
மிஷினில் அவளை ஏற்றி நிறுத்தினார்.
என் எண்ணை அடித்தார்.
மேலே தெளிவாக எழுதினார்: 49.